கொழும்பு வளவில் சேவல்: வைப்பதா, அடைப்பதா, அனுப்புவதா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆறு பேர்ச் காணியில் ஒரு வீடு, பின்னால் ஒரு துண்டு வளவு, அதில் நாலு பேட்டுக் கோழி. இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. ஐந்தாவதாக ஒரு சேவல் சேர்ந்ததும் நிலைமை மாறிவிடும். விடிய நாலு மணிக்குக் கூவல், பக்கத்து மாடியில் விழித்த குழந்தையின் அழுகை, மதிலுக்கு மேலால் ஒரு பார்வை. பிறகு ஆளுக்கொரு யோசனை வரும்: கழுத்துக்குப் பட்டி கட்டுங்கோ, பெட்டிக்குள் அடையுங்கோ, ஊருக்கு அனுப்புங்கோ, கறியாக்குங்கோ. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொழும்பு நகருக்குள் சேவல் இல்லாமல் கோழி வளர்ப்பதே சரி. ஏற்கெனவே சேவல் இருந்தால் இரவுப் பெட்டி சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். கழுத்துப் பட்டி இந்த ஊர் வெக்கைக்கு ஆகாது.

சேவல் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. பேடு பருவத்துக்கு வந்தால் தானாக இடும். அந்த முட்டையில் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ருசியிலும் சத்திலும் வித்தியாசம் இல்லை.

காவலுக்குச் சேவல் வேண்டும் என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பகலில் காகமோ பருந்தோ வந்தால் சேவல் குரல் கொடுக்கும், பேடுகள் பதுங்கும். ஆனால் கொழும்பில் கோழியைக் கொல்வது பெரும்பாலும் இரவில் வரும் மரநாய், எலி, தெருநாய். கிருலப்பனை, வெள்ளவத்தை வாய்க்கால் ஓரங்களில் கபரக்கொய்யா என்ற பெரிய நீருடும்பு பட்டப்பகலிலேயே வந்து முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். இவற்றுக்கு முன்னால் சேவலால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட்மெஷ், நிலத்துக்குக் கீழே 30 செ.மீ. இறக்கிய வலை, இரட்டைக் கொக்கி போட்ட கதவு, இவைதான் உண்மையான காவல். கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நாயை வெளியே வைத்திருக்காது.

இன்னொரு கெடுதியும் உண்டு. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பேடுகள் வேண்டும். நாலே பேடுகளோடு விட்டால் அவற்றின் முதுகிலும் பிடரியிலும் சிறகு உதிர்ந்து தோல் தெரியும். அந்த இடத்தில் நகம் கீறிப் புண்ணாகும். புண்ணைக் கண்ட மற்றக் கோழிகளும் கொத்தத் தொடங்கும்.

ஊர்க்கோழியா, பழுப்பு முட்டைக்கோழியா

சேவல் பிரச்சினை உண்மையில் குஞ்சு வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. ஷேவர் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற கலப்பின முட்டைக்கோழிகளில் பொரித்த அன்றே நிறத்தை வைத்து ஆண், பெண் பிரிக்கலாம். பெண் குஞ்சு செம்பழுப்பு, ஆண் குஞ்சு வெளிர் மஞ்சள். பழுப்பை மட்டும் எடுத்தால் சேவல் வராது. கண்ணைப் பறிக்கும் சாயம் பூசி மலிவாக விற்கும் குஞ்சுகளை எங்கே கண்டாலும் வாங்காதீர்கள். முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்துவிடும் ஆண் குஞ்சுகளே அநேகமாக அப்படி விற்பனைக்கு வரும்.

ஊர்க்கோழிக் குஞ்சில் இப்படிப் பார்க்க முடியாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டை சிவந்து தடிப்பது முதல் அடையாளம். பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில் வாலடியில் கூரான, நீண்ட, மினுமினுப்பான சிறகு வந்தால் அது சேவல்தான். பேட்டின் சிறகு நுனி வட்டமாக இருக்கும். அதோடு, ஊர்க்கோழி அடைக்கு விழும். சேவலோடு சேர்ந்த பேட்டின் பத்து முட்டையை வைத்து அடைகாக்க விட்டால் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். சேவலை ஒழித்துவிட்டோம் என்று நினைக்கும்போது நாலைந்து சேவல் வளர்ந்து நிற்கும்.

முட்டை விளைச்சலில் பழுப்புக்கோழிக்கே வெற்றி. நன்றாகப் பார்த்தால் முதல் ஆண்டில் 300 முட்டை வரை இடும். ஊர்க்கோழி 60 முதல் 100. ஆனால் பழுப்புக்கோழி சமையலறை மிச்சத்தில் வாழாது. ஒன்றுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் லேயர் தீன் வேண்டும். நாலு கோழிக்கு மாதம் ஏறக்குறைய 14 கிலோ. சோறும் பாணும் போட்டு வயிற்றை நிரப்பினால் முட்டை ஓடு மெலியும், சில நாளில் ஓடே இல்லாமல் தோல் முட்டை விழும். சிப்பி ஓட்டுத் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைக்கு அவையே எடுத்துக்கொள்ளும். ஊர்க்கோழி நோய்க்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும், குறுணலும் தவிடும் பூச்சியும் தின்று சமாளிக்கும். ஆனால் ஆறடி மதில் அதற்குத் தடையல்ல. ஒரு பக்கச் செட்டையின் முதல் பத்து நீண்ட சிறகுகளை வெட்டினால் சமநிலை தவறிப் பறக்காது. சிறகு மாறும்போது திரும்ப வெட்ட வேண்டும். இரத்தம் ஓடும் இளஞ்சிறகை வெட்டக் கூடாது.

ஒருநாள் குஞ்சைவிட, முட்டையிடத் தயாரான 16 வாரப் பேட்டை வாங்குவது நகரத்துக்கு ஏற்றது. விலை கூடத்தான். ஆனால் ஒருநாள் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 33 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்க வேண்டும். இப்போது வீடுகளில் உள்ள எல்இடி மின்குமிழ் சூடு தராது. வெளிச்சம் தெரிகிறதே என்று நம்பி விட்டால் மழை இரவில் குஞ்சுகள் குவிந்து, அடியில் கிடப்பவை நசிந்து சாகும். வாங்கும்போது ராணிக்கெட் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி போட்டார்களா என்று திகதியோடு கேளுங்கள். நுளம்பு கூடிய இடத்தில் கோழி அம்மைக்கும் போட்டிருக்க வேண்டும்.

இருட்டாக்கினால் கூவாதா

பெட்டியையும் பட்டியையும் ஒப்பிட முன், சேவல் ஏன் கூவுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2013இல் ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிம்முராவும் யொஷிமுராவும் இதை ஆராய்ந்தார்கள். எப்போதும் ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்தும் சேவல்கள் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு முறை, விடியலை எதிர்பார்த்தாற்போலக் கூவின. அதாவது கூவலின் நேரத்தை உடலுக்குள் இருக்கும் கடிகாரம் தீர்மானிக்கிறது. கொழும்பில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிப்பதால் நாலு மணிக் கூவல் அதற்குச் சரியான நேரமே. இதற்கு மேல் கார் வெளிச்சம், வாசல் விளக்கு, தூரத்துச் சேவலின் குரல் எல்லாம் கூடுதல் தூண்டல்.

எனவே கூட்டுக்குக் கறுப்புத் துணி போர்த்தினால் போதும் என்பது தவறு. துணி வெளித் தூண்டலை மட்டும் குறைக்கும், நாலு மணிக் கூவல் நிற்காது. சத்தத்தின் அளவும் சாதாரணம் அல்ல. பெல்ஜியத்தில் சேவலின் காதருகே ஒலிவாங்கி வைத்து அளந்தபோது 140 டெசிபலைத் தாண்டியது. தூரம் இரட்டிப்பாகும்போது ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆனால் இரண்டு மதிலுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய இடைவெளியில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் அந்தக் குறைவும் கிடைப்பதில்லை.

இரவுப் பெட்டிக்கு எதிரே கழுத்துப் பட்டி

சேவல் முழுக்குரலில் கூவ, கழுத்தை மேலே நீட்டி, காற்றுப்பைகளில் நிறைந்த காற்றை ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பெட்டி அந்த நீட்டலைத் தடுக்கிறது. பட்டி காற்று ஒரேயடியாக வருவதைத் தடுக்கிறது. இரண்டும் கூவலை நிறுத்தா, அமுக்கும்.

பெட்டியை இப்படிச் செய்யுங்கள். 18 மி.மீ. ப்ளைவுட், நீளம் 60 செ.மீ., அகலம் 45 செ.மீ. உயரத்துக்குச் சேவலையே அளவுகோலாக வையுங்கள்: இயல்பாக நிற்கும்போது கொண்டை நுனி வரை அளந்து, மேலே 5 செ.மீ. மட்டும் விடுங்கள். மெல்லிய 6 மி.மீ. பலகை சத்தத்தோடு சேர்ந்து அதிரும், அதனால் பயனில்லை. முட்டை அட்டையை உள்ளே ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று பலர் செய்கிறார்கள். அட்டை உள்ளெதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. அதன் குழிகளில் செள் குடியேறும். வேண்டாம்.

காற்றோட்டந்தான் உயிர்நாடி. ஒரு பக்கம் கீழே, எதிர்ப்பக்கம் மேலே என இரண்டு துளை, ஒவ்வொன்றும் 12 செ.மீ. சதுரம். துளைக்கு வெளியே வளைந்து போகும் மரப் புழை வைத்தால் காற்று வரும், சத்தம் நேரே போகாது. மேல் துளையில் கணினிக்குப் போடும் 12 வோல்ட் விசிறி ஒன்று பொருத்துங்கள். கொழும்பில் இரவிலும் பெரும்பாலும் 25 பாகையை ஒட்டி நிற்கும், ஈரப்பதனும் கூட. விசிறி இல்லாத பெட்டி மார்ச், ஏப்ரல் இரவுகளில் சேவலைக் கொல்லும். அடியில் 5 செ.மீ. மரச்சீவல் போட்டு, எச்சத்தைத் தினமும் அள்ளுங்கள். காலையில் திறக்கும்போது கண் எரியும் நெடி வந்தால் அது அமோனியா, சேவலின் மூச்சுக்குழாய் கெடும். மாலை ஏழுக்கு அடைத்து, காலை ஆறரைக்குத் திறந்து, முதலில் தண்ணீர் காட்டுங்கள். வாய் திறந்து மூச்சிரைத்தால், செட்டையை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தால், அன்றோடு பெட்டியை விட்டுவிடுங்கள்.

பெட்டியை வளவில் வைக்காமல் கராஜுக்குள்ளோ பின் ஸ்டோர் அறைக்குள்ளோ வைத்தால் பலன் இரட்டிப்பு. செங்கல் சுவர் செய்யும் வேலையைப் பலகை செய்யாது.

கழுத்துப் பட்டி வாங்குவதற்கும் கட்டுவதற்கும் சுலபம். அகலம் 2.5 செ.மீ., வெல்குரோ ஒட்டு, சுண்டுவிரல் நுழையும் இறுக்கம். கவர்ச்சி அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயால் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அந்தத் தொண்டையில்தான் பட்டி இருக்கிறது. நுவரெலியாக் குளிரில் ஒருவேளை தாங்கலாம், கொழும்பின் மதிய வெயிலில் அது மூச்சோடு விளையாடுவது. அந்த விரலளவிலிருந்து கொஞ்சம் தளர்ந்தாலே கூவல் பழையபடி வரும், கொஞ்சம் இறுகினால் தீன் இறங்காது. கீழ்ச்சொண்டு பட்டிக்குள் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் கிடந்து சாவதும் நடக்கும். வளரும் சேவலின் கழுத்து வாரத்துக்கு வாரம் தடிப்பதால் போன வார அளவு இந்த வாரம் பொருந்தாது. எங்கள் வாக்கு பெட்டிக்கே.

காயடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சேவலின் விதை வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, பெரிய இரத்தக் குழாய்களுக்கு அருகில் இருக்கிறது. அது அறுவைச் சிகிச்சை. வீட்டில் செய்வது கொடுமை.

பாயும் சேவல்

கூவல் அயலவருக்குத் தொல்லை, பாய்ச்சல் வீட்டாருக்கு. ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயது வரை இது உச்சம். ஒரு செட்டையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடனமிட்டு வந்தால் அடுத்தது தாக்குதல். உதைக்காதீர்கள், அதை அது சண்டைக்கு அழைப்பாகவே எடுக்கும். ஓடவும் வேண்டாம். வாளி மூடியைக் கேடயமாகப் பிடித்து, அது விலகும் வரை மெதுவாக அதை நோக்கி நடவுங்கள். பிறகு தூக்கிக் கக்கத்தில் அணைத்து, கால்களைப் பிடித்து, அமைதியாகும் வரை பத்து நிமிடம் வைத்திருங்கள். தினமும் ஒரே ஆள், இரண்டு மூன்று வாரம். நிறையச் சேவல்கள் இதில் அடங்கும்.

கால்முள்ளின் கொம்பு நுனியை அரத்தால் சில மில்லிமீட்டர் மழுக்கலாம். உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு, அடியோடு வெட்டக் கூடாது. இரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள். மனிதருக்கு முள் குத்தினால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, ஏற்புத் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பழக்கும் வேலையெல்லாம் வேண்டாம். அந்த உயரத்தில் முள் படும் இடம் கண்.

அனுப்புவது, அல்லது சட்டி

ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் பெரிய வளவும் பேடுகளும் உள்ளவர்கள் நல்ல ஊர்ச்சேவலை விரும்பி எடுப்பார்கள். பழுப்புக் கலப்பினச் சேவலுக்கு அந்த மதிப்பு இல்லை, அதன் குஞ்சுகள் தாயைப்போல முட்டையிடா. பாய்கிற சேவலைக் கொடுத்தால் பாயும் என்று சொல்லிக் கொடுங்கள், அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும். சண்டைக்கு விடுபவர்கள் கையில் கொடுக்காதீர்கள். முருகன் கோயிலுக்கு நேர்ந்துவிட நினைப்பவர்கள், அங்கே தீனும் கூடும் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டும். வாசலில் விட்டுவிட்டு வருவது நேர்த்தி ஆகாது. கொண்டுபோவது அதிகாலையில், காற்றுப் புகும் கூடையில். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது.

கறியாக்குவது என்றால் ஐந்தாறு மாதமே நல்ல காலம், பிறகு இறைச்சி நாராகும். முதல் நாள் இரவு தீனை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுங்கள். மருந்து கொடுத்திருந்தால் போத்தலில் போட்டிருக்கும் விலக்கு நாட்கள் முடிய வேண்டும். பழக்கமில்லாத கை கத்தி எடுக்க வேண்டாம், கோழிக்கடைக்காரரிடம் கேட்டால் பலர் செய்து தருவார்கள். வீட்டில் சிறகு களைவதென்றால் 60 முதல் 65 பாகைத் தண்ணீரில் ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள், கொதிநீரில் போட்டால் தோல் கழன்று வரும். உடனே சமைத்தால் ரப்பராக இருக்கும். ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் சிறு தீயில் இரண்டு மணி நேரமாவது வேகவிடுங்கள். கழிவை வாய்க்காலில் எறிந்தால் அடுத்த வாரம் எலியும் கபரக்கொய்யாவும் உங்கள் கூட்டைத் தேடி வரும்.

இதில் எதைத் தெரிவு செய்தாலும், அயலவரிடம் நீங்களே முதலில் போய் எந்தத் திகதிக்குள் தீர்ப்பீர்கள் என்று சொல்லுங்கள். பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அதையும் தாண்டினால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிட முடியும். மாநகர சபையின் விதிகளைக் கூடு கட்ட முன்னரே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வையுங்கள்.