திருவல்லிக்கேணி இந்து மேல்நிலைப் பள்ளி: செங்கல்லுக்காகவே ஒரு நடை

அப்பா கொத்தனார். அதனால் பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் சாந்துக் கோட்டுக்குத்தான் போகும். பெரிய தெருவில் நிற்கும் இந்தச் சிவப்புக் கட்டடம் 1897-ல் எழுந்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் கைகோத்த அதே ஜோடி.

பூச்சு இல்லாத செங்கல் வேலை என்றால் தப்பை மறைக்க வழியே கிடையாது. அதிலும் வளைவுகள்! கல்லும் கல்லும் நெருக்கிக்கொண்டே பாரத்தைக் கீழே இறக்க வேண்டும். வளைவு தானாக நிற்கிறதா என்பது, அடியில் தாங்கும் சாரத்தைப் பிரித்தால்தான் தெரியும். "சாரம் பிரிக்கிற அன்னிக்கு ராத்திரிதான்டா தூக்கம் வரும்" என்பார் அப்பா. எதிர்ச் சாரியில் நின்று ஒரு வளைவின் கல்லை எண்ண ஆரம்பித்தேன். ஆட்டோ ஒன்று குறுக்கே வர, கணக்கு போச்சு.

ஆங்கிலப் பேச்சுக்குப் பேர் போன வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி தலைமையாசிரியராக இருந்த பள்ளி; இயற்பியலுக்கு நோபல் வாங்கிய எஸ். சந்திரசேகர் படித்ததும் இங்கேதான். எனக்கென்னவோ செங்கல்தான் பெரிதாகப் பட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் தெரு முழுக்க பைக்தான். ஐந்துக்கு நாலரை, அரை மார்க்கை அந்தத் தெரு நெரிசலுக்காகக் குறைத்தேன்.