பிஸ்மத் ஃபெரைட்டா, ஒட்டிய அடுக்குகளா?

மின்னழுத்தம் கொடுத்தால் காந்தம் திரும்ப வேண்டும், அதுவும் அறை வெப்பநிலையில். இதற்கு இரண்டு வழிகள். காந்தமும் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் குணமும் (மின்புலத்தால் திருப்பக்கூடிய மின்முனைவு, அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்சுமை) சேர்ந்தே இருக்கும் ஒரே படிகத்தைப் பிடிப்பது; இல்லையென்றால் தனித்தனிப் பொருள்களை ஒட்டிவிடுவது.

ஒரே படிகம் கிடைப்பது அரிது. பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியம் அயனி நடுவிலிருந்து விலகுவதால் மின்முனைவு வருகிறது. அதற்கு அதன் டி-ஆர்பிட்டால் (அணுவில் எலெக்ட்ரான்கள் இருக்கும் ஒருவகை இடம்) காலியாக இருப்பது உதவுகிறது. காந்தத்துக்கோ அதே ஆர்பிட்டாலில் எலெக்ட்ரான் வேண்டும். இந்த முரண்பாட்டை ஆய்வாளர் நிக்கோலா ஸ்பால்டின் 2000-இல் தெளிவாக எழுதினார். பிஸ்மத், இரும்பு, ஆக்சிஜன் சேர்ந்த பிஸ்மத் ஃபெரைட் அழகாகத் தப்பிக்கிறது: மின்முனைவுக்கு பிஸ்மத், காந்தத்துக்கு இரும்பு. மின்முனைவு சுமார் 830 டிகிரி செல்சியஸ் வரையும், காந்த ஒழுங்கு சுமார் 370 வரையும் நிற்கும். 2003-இல் ஆய்வாளர் ராமமூர்த்தி ரமேஷ் குழுவினரின் மென்படலங்கள் வந்தபிறகுதான் இதன் மீது எல்லோர் கண்ணும் விழுந்தது.

ஆனால் இது எதிர்ஃபெர்ரோ காந்தம். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் (எலெக்ட்ரான்களின் குட்டிக் காந்தங்கள்) ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. மிஞ்சும் துளியும் சுமார் 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்று என்று சுழன்று கரைந்துவிடுகிறது. சூடாக்கினால் பிஸ்மத் ஆவியாகும், மின்கசிவு கூடும். பிஸ்மத் ஃபெரைட்டில் வலுவான காந்தம் என்று யாராவது சொன்னால், முதலில் இரும்பு ஆக்சைடு கலப்படத்தைத் தேடுங்கள்.

ஒட்டிய அடுக்குகளில் இந்தத் தலைவலி இல்லை. டெர்ஃபெனால்-டி என்ற உலோகக் கலவை காந்தப் புலத்தில் நீளும்; ஒட்டியிருக்கும் பிஇசட்டி (லெட் சிர்கோனேட் டைட்டனேட்) பீங்கானை அது இழுக்க, மின்னழுத்தம் பிறக்கும். காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள பிணைப்பு ஒரே படிகத்தைவிடப் பல மடங்கு வலுவானது. நுண்ணிய காந்தப் புலத்தை அளக்கும் சென்சார் வேண்டுமா? யோசிக்காமல் இதையே எடுங்கள். பசை தளர்வதும் பிஇசட்டியில் ஈயம் இருப்பதும் இதன் குறைகள்.

நினைவகத்துக்கு என்றால் என் வாக்கு பிஸ்மத் ஃபெரைட்டுக்குத்தான். ஒட்டிய அடுக்குகளில் வேலை செய்யும் வெறும் இழுவிசை காந்தத்தை 90 டிகிரி திருப்பும். வடக்கைத் தெற்காக்க அது மட்டும் போதாது. பிஸ்மத் ஃபெரைட்டின் மேல் கோபால்ட்-இரும்பு படலம் வைத்து, மின்னழுத்தத்தால் மட்டுமே காந்தத்தை முழுதாகப் புரட்டிக் காட்டினார்கள், 2014-இல். இங்கே வேலை செய்வது இழுவிசை இல்லை, இரண்டும் தொடும் எல்லையில் ஸ்பினுக்கும் ஸ்பினுக்கும் உள்ள பிடிப்பு. திரும்பத் திரும்பப் புரட்டினால் படலம் சோர்ந்துபோவதுதான் இன்னும் தொல்லை. தேவைப்படும் மின்னழுத்தத்தைக் குறைக்க, பிஸ்மத்தில் கொஞ்சத்துக்குப் பதிலாக லாந்தனம் சேர்த்துப் பார்க்கிறார்கள்.