4 ஜிபி ராமும் 64 ஜிபி டிரைவும்: ஐந்து வருடக் கைமாத்துக் கணக்கு

வில்லியனூரில் இருக்கும் மச்சினன் போன வாரம் போன் செய்தான். "மாமா, உங்க லேப்டாப் மாதிரியே ஒண்ணு பழசு, 7,000 ரூபாய்க்கு வருது. பாப்பாவுக்கு காலேஜுக்கு வாங்கிடலாமா?"

"வேண்டாம்" என்றேன், யோசிக்காமலே.

"ஏன்? நீங்க அஞ்சு வருஷமா அதுலதானே வேலை பாக்குறீங்க?"

அவன் கேட்டதும் நியாயம்தான். ஆனால் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

2020ல் வாங்கிய மெஷின். 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி, அதாவது விண்டோஸும் ஃபைல்களும் இருக்கும் டிரைவ். இரண்டையும் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிங் வேலை எனக்கு. கிரயம், செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம் எல்லாம் இதில்தான். ஒரு பக்கம் பத்திரம் திறந்திருக்கும். இன்னொரு பக்கம் பிரவுசரில் வழிகாட்டி மதிப்பு, வில்லங்கச் சான்று, ஸ்கேன் செய்த தாய்ப்பத்திரம், பார்ட்டி ஆதார் போட்டோ அனுப்பும் வாட்ஸப் என்று பத்துப் பன்னிரண்டு டேப் ஓடும். பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஆனால் எதையும் மூட முடியாத வேலை.

முதல் வருடம் பிடித்த தலைவலி இதுதான். காலையில் திறந்தால் சி டிரைவில் 6 ஜிபி காலி என்று காட்டும். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் 3 ஜிபி, அந்தக் கோடு சிவப்பாகியிருக்கும். நான் ஒரு ஃபைல்கூட இறக்கியிருக்க மாட்டேன். வைரஸ் என்று நினைத்தேன். பையன்தான் ராத்திரியில் கேம் ஏதோ ஏற்றுகிறான் என்று அவனைத் திட்டவும் செய்தேன். "நான் தொடவே இல்லப்பா" என்று அழாத குறையாகச் சொன்னான். அவன் சொன்னதுதான் உண்மை.

மறைத்து வைத்திருக்கும் சிஸ்டம் ஃபைல்களைக் காட்டச் சொல்லி ஒருநாள் சி டிரைவைத் திறந்தேன். பேஜ்ஃபைல் என்ற பெயரில் ஒன்று 6.4 ஜிபி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிரைவிலிருந்து கொஞ்சம் இடத்தை எடுத்து ராம் போல வைத்துக்கொள்ளும் ஃபைல் அது. அதாவது கைமாத்து. தானாகப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டால் ராமின் மூன்று மடங்கு வரை கேட்கும், ஆனால் டிரைவின் அளவில் எட்டில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும். என் சி டிரைவ் மொத்தமே 58 ஜிபி, அப்படிப் பார்த்தால் ஏழு சொச்சம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. 500 ஜிபி வைத்திருப்பவனுக்கு ஏழு ஜிபி கண்ணிலேயே படாது. இங்கே வாங்குகிறவனும் இல்லாதவன், கொடுக்கிறவனும் இல்லாதவன். சில நாள் ஷட்டவுன் செய்து மறுநாள் திறந்தாலும் அந்த ஃபைல் அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் சுருங்கும். சீக்கிரம் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓடுவதால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்த சர்வீஸ் கடையில் கேட்டேன். "அந்த ஃபைலே தேவையில்ல சார், எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன். ஒரே அடியில் ஆறு ஜிபி திரும்பி வந்தது. கோடு நீலமாகிவிட்டது. இரண்டு நாள் சி டிரைவையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சம்பளம் ஏறிய பாஸ்புக்கைப் பார்ப்பதுபோல.

மூன்றாம் நாள் முகூர்த்த நாள். பதிவுக்குக் கூட்டம், எங்கள் டோக்கன் பதினோரு மணிக்கு. பாதிரிக்குப்பம் பக்கம் ஒரு மனை. செக்குபந்தி அடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று எல்லை முடிந்தது, நான்காவது பாதி. சேவ் கொடுத்தால், போதிய மெமரி அல்லது டிஸ்க் இடம் இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. அந்த 'அல்லது'வைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ராம் 74 சதவீதம்தான் காட்டுகிறது. பிறகென்ன மெமரி இல்லை? கீழே 'கமிட்டட்' என்று ஒரு வரி இருக்கும், அதுவரை நான் கவனித்ததே இல்லை. 3.7/3.8 என்று நின்றது. புரோகிராம்கள் கேட்டு வாங்கி வைத்த மொத்த மெமரி, ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. பேஜ்ஃபைலை எடுத்துவிட்டதால் எல்லை ராம் மட்டும். கேட்டு வைத்ததை இன்னும் பயன்படுத்தாவிட்டாலும் கணக்கில் சேரும். அதனால் ராமில் கால்வாசி காலியாக இருந்தும் புதிதாக யாருக்கும் தர முடியாமல் கையை விரித்துவிட்டது.

இரண்டு பக்கம் போயிற்று. எழுத்தர் மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் திரும்ப அடித்தேன். பார்ட்டி பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். சர்வீஸ் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு 16 ஜிபி மெஷின் பார்த்துப் பழக்கம்.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். எஸ்டி கார்டு ஒன்று 128 ஜிபி போட்டிருந்தேன், கைமாத்தை அங்கே திருப்பிவிடலாம் என்று பார்த்தால், கழற்றி மாட்டுகிற டிரைவில் விண்டோஸ் பேஜ்ஃபைல் வைக்காது. சரிதான், நடுவில் உருவிவிட்டால் என்ன ஆகும். ஒரு வாரம் வேலை நேரத்தில் கமிட்டட் எண்ணை அவ்வப்போது ஒரு துண்டுச் சீட்டில் குறித்தேன். அதிகம் போனது 6.8. அதில் ராம் 3.8 கழிந்தால் மூன்று. பேஜ்ஃபைலுக்குக் கொஞ்சம் தாராளமாக 4096 எம்பி, அதாவது 4 ஜிபி என்று முடிவு செய்தேன், ஆரம்ப அளவும் அதுவே, அதிகபட்சமும் அதுவே. இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஃபைல் வளராது, சுருங்காது. காலையில் பார்த்த காலி இடம் மாலையிலும் இருக்கும்.

இதைப் போட்டு ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். மாறவில்லை. திரும்பப் போட்டேன், மாறவில்லை. மூன்றாவது முறைதான் கண்ணில் பட்டது: எண்களை அடித்த பிறகு பக்கத்தில் 'செட்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத்தான் ஓகே கொடுக்க வேண்டும். எல்லா டிரைவுக்கும் தானாகப் பார்த்துக்கொள் என்ற டிக்கை எடுத்தேன், எண்ணையும் சரியாக அடித்தேன், அந்த செட்டை மட்டும் விட்டேன். பத்திரத்தில் எல்லாம் எழுதிவிட்டுக் கையெழுத்து போடாமல் வந்த கதை.

கூடவே ஹைபர்நேட்டையும் அணைத்தேன், ராமில் இருப்பதை டிரைவில் எழுதி வைத்துவிட்டு மெஷினை அணைக்கும் வசதி அது. அதற்கென்று ராமின் 40 சதவீத அளவு, 1.6 ஜிபி டிரைவில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அது போனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும், திறக்கக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம்.

அதற்குப் பிறகு நாலு வருடம், ஒரு பக்கம்கூடப் போகவில்லை. ஃபேன் கிடையாது, சத்தமே வராது. ஐப்பசி மழையில் கரண்ட் போன மாலைகளில் பக்கத்து மேசை யுபிஎஸ் கீக்கீ என்று கத்திக்கொண்டிருக்கும்போது நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பேன். கீபோர்டு இன்னும் புதிது போலவே இருக்கிறது, 'ன' மட்டும் அழிந்துவிட்டது. ஒரு கையில் தூக்கலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மச்சினனிடம் மறுபடி வேண்டாம் என்றுதான் சொன்னேன். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி ராம், 64 ஜிபி டிரைவ். வாசற்படியில் நிற்கிற மெஷின் இது, பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் காலி செய், பென்டிரைவ் மாட்டு என்று கேட்கும். ராம் பத்தாமல் ஓயாமல் எழுதி எழுதியே அந்த இஎம்எம்சி தேய்கிறது, போனால் போர்டோடு போச்சு. பாப்பா துண்டுச் சீட்டில் கமிட்டட் எழுதிக்கொண்டா படிக்கப் போகிறாள்? 8 ஜிபி ராம், கழற்றி மாற்றுகிற எஸ்எஸ்டி டிரைவ், அதில் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் நாலாயிரம் போடு என்றேன்.

"அப்போ உங்களது பழசுதானே, எனக்குக் குடுத்துடுங்க. நீங்க புதுசு வாங்கிக்குங்க" என்றான்.

தர முடியாது என்றேன். நாளைக்குக் காலையில் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது.