கப்பலைப் பிடிப்பவர்கள், ஆளைப் பிடிப்பவர்கள்: சோமாலியாவும் கினி வளைகுடாவும்

கிழக்கு ஆப்பிரிக்காவின் சோமாலியக் கடலில் நடப்பது, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் நடப்பது, இரண்டையும் கடற்கொள்ளை என்றுதான் சொல்கிறோம். ஆனால் மாலுமிக்கு இரண்டும் வேறு வேறு பயம்.

சோமாலியக் கொள்ளையர்களுக்குக் கப்பலே பணயம். தாய்க்கப்பலிலிருந்து சிறு விசைப்படகில் விரைந்து வந்து, கொக்கி வைத்த ஏணியைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டி ஏறுவார்கள். அப்புறம் கப்பலை ஓட்டிப்போய்த் தங்கள் கரையருகே நங்கூரமிட்டுப் பேரம் பேசுவார்கள். 2008 நவம்பரில் 'சிரியஸ் ஸ்டார்' என்ற ராட்சத எண்ணெய்க் கப்பலே சிக்கியது. அதைவிட என் மனதை வாட்டுவது 'ஐஸ்பெர்க் 1' என்ற சரக்குக் கப்பல். 2010 மார்ச்சில் பிடிபட்ட அதன் மாலுமிகள், இந்தியர்கள் உட்பட, 2012 டிசம்பரில்தான் மீண்டார்கள். உரிமையாளர் கைவிட்டால் மாலுமியின் கதி இதுதான்.

கினி வளைகுடாவில் கப்பலை வைத்துக்கொள்வதில்லை. நைஜீரியாவில் நைஜர் ஆறு கடலில் சேரும் நைஜர் டெல்டாவின் சதுப்புநிலக் காடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கேப்டன், என்ஜினியர் என்று சிலரை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2020-ல் உலகெங்கும் கடத்தப்பட்ட 135 மாலுமிகளில் 130 பேர் இங்கேதான். பெரும்பாலும் சில வாரங்களில் விடுதலை கிடைத்துவிடும், சரி. ஆனால் துப்பாக்கிச்சூடு அதிகம்.

சட்டமும் வேறுபடுகிறது. ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது அந்நாட்டின் சொந்தக் கடல் எல்லைக்குள், நடந்தால் சர்வதேசச் சட்டப்படி அது கடற்கொள்ளையே அல்ல, ஆயுதக் கொள்ளை. அங்கே வெளிநாட்டுக் கடற்படை தன்னிச்சையாக நுழைய முடியாது. சோமாலியக் கடலில் நுழைய 2008-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை தனி அனுமதி தந்தது. கினி வளைகுடாவுக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.