ஜிபிஎஸ் கருவிக்கு மெமரி கார்டு: உசத்தியாக ஒன்றா, சாதாரணமாக இரண்டா?

மலையேறும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஜிபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தது. மழைக்கோட்டுக்குள்ளேயே கையை விட்டு, பின்மூடியைத் திருகி, இரண்டு ஏஏ பேட்டரிகளையும் மாற்றிவிட்டேன். இயக்கினால் நான் வந்த தடம் திரையில் இருக்கிறது, மலையைக் காணோம். சமவுயரக் கோடுகள், ஓடை, ஒற்றையடிப் பாதை எல்லாம் போய், வெள்ளைத் தாளில் ஒரு அம்புக்குறி மட்டும் நின்றுகொண்டிருந்தது. மறுபடி திறந்தேன். பேட்டரிக் குழியின் அடியில் இருந்த மைக்ரோ எஸ்டி கார்டின் தகரப் பிடி துளி நகர்ந்திருந்தது. அதை விரல் நகத்தால் தள்ளியதும் கார்டு துள்ளி ஈரப் புல்லுக்குள் விழுந்தது. 15 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன், கறுப்பு நிறம். கால் மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. ஏறிய தடம் கார்டில் பதியாமல் கருவியின் உள்நினைவகத்தில் பதிந்திருந்ததால், அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து சேர்ந்தேன்.

திரும்பி வந்ததும் நல்ல உசத்தியான கார்டாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்சம் படித்துப் பார்த்தபோது அந்த எண்ணம் கரைந்துவிட்டது. புல்லில் விழுந்த கார்டு உசத்தியாக இருந்திருந்தால் மட்டும் கையில் கிடைத்திருக்குமா?

மூன்று ரகக் கார்டுகள்

கடையில் சாதாரணம், ஹை எண்டியூரன்ஸ், இண்டஸ்ட்ரியல் என்று மூன்று ரகம் கிடைக்கும். ஹை எண்டியூரன்ஸ் கார்டுகள் கார் டேஷ்கேமுக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் உருவானவை. அங்கே இரவு பகலாக வீடியோ எழுதப்படுகிறது, பழையது அழிக்கப்படுகிறது, திரும்பவும் எழுதப்படுகிறது. கார்டுகளுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் எழுதி அழிக்கத்தான் தேயும். படிப்பதால் ஏற்படும் தேய்மானம் பெரிதாக ஒன்றுமில்லை.

ஜிபிஎஸ் எவ்வளவு எழுதுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு புள்ளி வீதம் 10 மணி நேரம் நடந்தால் 36,000 புள்ளிகள். தடத்தைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பில் ஒரு புள்ளிக்குச் சுமார் 120 எழுத்து என்று வைத்துக்கொண்டாலும் 4 எம்பி சொச்சம்தான் வரும். ஒரு நாள் முழுக்க நடந்த நடை, கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவு. வரைபடமோ ஒருமுறை எழுதி ஆயிரம் முறை படிக்கப்படுவது. ஆக, ஜிபிஎஸ்ஸுக்கு ஹை எண்டியூரன்ஸ் வாங்குவது மாட்டு வண்டிக்கு ரேஸ் கார் டயர் மாட்டுவது போலத்தான்.

இண்டஸ்ட்ரியல் ரகத்துக்கு வேறு நியாயம் உண்டு. சாதாரணக் கார்டுகள் பெரும்பாலும் மைனஸ் 25 டிகிரி வரை தாங்கும் என்பார்கள். இது மைனஸ் 40 வரை தாங்கும். ஆனால் அந்தக் குளிரில் கார்டுக்கு முன்னால் அல்கலைன் பேட்டரி படுத்துவிடும். லித்தியம் ஏஏ போட்டுக்கொண்டு பனியில் நாள் கணக்கில் நடப்பவர்கள் இதை வாங்கலாம். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

வேக எண்களைப் பற்றி ஒரே வரி: அட்டையில் யு3, வி30, ஏ2 என்று என்ன அச்சிட்டிருந்தாலும் திரையில் வரைபடம் விரியும் வேகத்தைத் தீர்மானிப்பது கருவியின் சிப்தான், கார்டு இல்லை. வேகமான கார்டின் பலன், கணினியில் கார்டு ரீடர் வழியாக வரைபடத்தை ஏற்றும்போது மட்டும் தெரியும்.

கொள்ளளவில் மட்டும் கவனம்

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 2 ஜிபி வரையுள்ளவை பழைய எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி. அதற்கும் மேலே போனால் எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஹெச்சி தரம் 2006-இல் வந்தது. அதற்கு முந்தைய கருவிகள் பல 2 ஜிபியைத் தாண்டிய கார்டைக் கண்டுகொள்வதே இல்லை. இன்றைய கையடக்கக் கருவிகளில் நிறைய மாடல்களின் கையேடு 32 ஜிபி, ஃபேட் 32 (கார்டில் கோப்புகளை அடுக்கும் பழைய முறை) என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும். அதைப் போட்டால் கருவி சும்மா இருக்கும், அல்லது இயங்கும்போதே திணறும். ஃபேட் 32-க்கு மாற்றிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை, ஏனென்றால் அவ்வளவு இடத்தை நிரப்ப வரைபடமும் இல்லை. மேலும் கார்டில் வரைபடங்களை அடுக்க அடுக்க கருவி விழித்தெழ எடுக்கும் நேரமும் கூடுகிறது. 8, 16, 32 இவற்றில் கிடைப்பது போதும்.

எந்த ரகம் வாங்கினாலும் முதல் வேலை சோதனை. 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 64 என்று கணினியிடம் பொய் சொல்லும் போலிக் கார்டுகள் ஏராளம். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை ஒழுங்காக நடக்கும், பிறகு எழுதுவதெல்லாம் மாயமாகும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச நிரல்கள் கார்டை முழுக்க எழுதித் திரும்பப் படித்து இந்தக் குட்டை உடைத்துவிடும்.

வரைபடம் பதித்து விற்கும் கார்டா, நாமே ஏற்றும் கார்டா?

உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான். கார்மின் போன்ற நிறுவனங்கள் வரைபடத்தைக் கார்டிலேயே பதித்து விற்கின்றன. போட்டவுடன் வேலை செய்யும், தேடலும் வழிகாட்டலும் ஒழுங்காக இருக்கும், கணினியே தெரியாதவருக்கும் ஒத்துவரும். ஆனால் அந்த வரைபடம் அந்தக் கார்டோடு பூட்டப்பட்டது. கோப்புகளை இன்னொரு கார்டுக்கு நகலெடுத்தால் கோப்புகள் போய்ச் சேரும், வரைபடம் திறக்காது. அதாவது, கருவியில் இருப்பதிலேயே விலைமதிப்பான பொருள் விரல்நக அளவில் இருக்கிறது, அதற்கு நகலும் கிடையாது. என்னுடையதைப் புல் விழுங்கியபோது இதுதான் நடந்தது.

அதே வரைபடத்தைப் பதிவிறக்கமாக வாங்கினால், பூட்டு கார்டோடு இல்லாமல் கருவியோடு இருக்கும். கார்டு போனால் வேறு கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். கருவியே போனால்தான் சிக்கல்.

மூன்றாவது வழி, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும், 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து செய்யப்படும் இலவச வரைபடங்கள். கார்டில் ‘கார்மின்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஐஎம்ஜி கோப்பு, அவ்வளவுதான். பூட்டு இல்லை, பத்துக் கார்டில் வேண்டுமானாலும் போடலாம். குறையும் உண்டு: தன்னார்வலர்கள் நிறைய நடந்த இடத்தில் ஆட்டுப் பாதைகூட இருக்கும், யாரும் போகாத இடத்தில் ஓடையே இருக்காது. சமவுயரக் கோடுகளைச் சில பதிப்புகள் சேர்த்துத் தரும், சில தராது. இவ்வளவு இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான். நகல் எடுக்க முடிகிற சுமாரான வரைபடம், நகல் எடுக்க முடியாத அருமையான வரைபடத்தைவிடக் காட்டில் கை கொடுக்கும். பதித்த கார்டு ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளட்டும். மாற்றாக ஓர் இலவச வரைபடக் கார்டையும் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

உள்ளேயே இருக்கட்டுமா, கழற்றி வைக்கலாமா?

உள்ளேயே இருக்கட்டும். கார்டு கெடுவதைவிட, கார்டை எடுப்பதும் போடுவதுமாக ஸ்லாட் கெடுவது அதிகம். கீல் வைத்த தகரப் பிடி உள்ள மாடல்களில் பிடி தளர்ந்தால், சைக்கிள் ஹாண்டில்பாரின் அதிர்வுக்கே தொடர்பு விட்டுவிட்டு வரும். பிடிக்கும் கார்டுக்கும் நடுவில் மெல்லிய டேப் துண்டு ஒன்றை ஒட்டிச் சரிசெய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், நிற்கிறது. அழுத்தினால் உள்ளே போய் அழுத்தினால் வெளியே வரும் ஸ்லாட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் விரலை வெடுக்கென்று எடுத்தால் கார்டு பறக்கும்.

கழற்ற வேண்டியது பேட்டரியைத்தான். பல மாடல்களில் கார்டு இருப்பது பேட்டரிக்கு அடியில். மாதக் கணக்கில் அலமாரியில் கிடக்கும் அல்கலைன் பேட்டரி கசிந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நேரே ஸ்லாட்டில் போய் இறங்கும். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் நீர் புகும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

கார்டின் மரணத்துக்கும் அறிகுறி உண்டு: எதையும் அழிக்க முடியாது, ஃபார்மட் செய்தாலும் பழைய கோப்புகள் அப்படியே திரும்பி வரும். உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி எழுதுவதை நிறுத்திவிட்டது என்று பொருள். தடங்களை நகலெடுத்துக்கொண்டு கார்டை வீசிவிடுங்கள். மேக் கணினிக்காரர்களுக்கு ஒரு உபகுறிப்பு: அழித்த பிறகும் கார்டில் இடம் வரவில்லையென்றால் அது மரணமல்ல, குப்பைத் தொட்டியைக் காலி செய்யாததுதான்.

மாற்றுக் கார்டை எதில் வைப்பது?

அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் கார்டு லொடலொடக்கும், திறக்கும்போது தவறும். கார்டோடு இலவசமாக வரும் எஸ்டி அடாப்டர் எனக்கு இதைவிட நன்றாகப் படுகிறது. இறுக்கமாகப் பிடிக்கிறது, 32 மி.மீ. நீளம் இருப்பதால் கையில் தட்டுப்படுகிறது, கணினி ரீடரிலும் அப்படியே செருகலாம். அதன் மேல் பளிச்சென்ற மஞ்சள் டேப் சுற்றி முதலுதவிப் பைக்குள் போட்டிருக்கிறேன். புறப்படுவதற்கு முன் அந்தக் கார்டை ஒருமுறை கருவியில் போட்டு, அமைப்புகளில் வரைபடப் பட்டியலைத் திறந்து, புது வரைபடம் தெரிகிறதா, அதன் எதிரே டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். டிக் இல்லையென்றால் கார்டு சரியாக இருந்தும் திரை வெள்ளையாகவே நிற்கும், மழையில் அதைக் கண்டுபிடிக்கும் பொறுமை எனக்கு இல்லை.