மார்த்தாண்டம் மேம்பாலத்தடி பிரவுசிங் சென்டர்: பட்டாவுக்கு வேண்டாம், வங்கி மெயிலுக்குப் போகலாம்

பட்டா, வில்லங்கச் சான்று எடுக்க இந்தக் கடைக்குப் போனால் பொறுமை வேண்டும். உட்கார ஒரே பெஞ்சு, பிரிண்டர் வேறு அடிக்கடி மக்கர் பண்ணும். ஆனால் வங்கி பெயரில் மெயில் வந்து அசலா போலியா என்று குழம்பினால், தக்கலையிலிருந்து பஸ் ஏறியாவது போகலாம்.

எனக்கு வந்தது, மஸ்கட்டில் இருக்கும் வீட்டுக்காரரின் என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கு) பற்றி. இன்றே கே.ஒய்.சி. என்ற அடையாள விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்குமாம். லோகோ உண்டு, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கடைக்காரத் தம்பி அதை வாசிக்கவே இல்லை. அனுப்பியவர் விவரத்தைத் தொட்டு விரித்தார். பெயர் வங்கியுடையது, முகவரி யாரோ ஒருவரின் ஜிமெயில். "முகவரி சரியா இருந்தாலும் நம்பிராதீங்கக்கா, அதையும் போலியாப் போடலாம்" என்றார்.

அப்புறம் 'அப்டேட்' பட்டனை அழுத்திப் பிடித்தார். பக்கம் திறக்கவில்லை, லிங்க் எங்கே போகிறது என்பது மட்டும் தெரிந்தது. தொடக்கத்தில் வங்கியின் பெயர்தான். ஆனால் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகளை 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது. அது வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். என் மெயிலில் இருந்தது 'டாட் எக்ஸ்ஒய்இஸட்'. எதற்கு வம்பு, லிங்க்கையே தொடாமல் வங்கியின் செயலியைத் திறந்து பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தேன், கே.ஒய்.சி. பற்றி அதில் ஒரு அறிவிப்பும் இல்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஓ.டி.பி.யையே கொடுத்துவிட்டு வந்திருந்தார். தம்பி அவருடைய மெயிலை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை, உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசச் செய்தார். அதுதான் சரி. பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

ஒரு குறை. கடைக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறக்கச் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்தவரின் பாஸ்வேர்டு பிரவுசரில் அப்படியே சேமிக்கப்பட்டுக் கிடந்தது. ஊருக்கே புத்தி சொல்கிறவர் இதைக் கவனிக்க வேண்டாமா? உங்கள் போனையே நீட்டுங்கள்.

மெயில் பார்க்கக் காசு வாங்குவதில்லை. ரேஷன் கார்டை ஒரு ஜெராக்ஸாவது எடுத்துவிட்டு வாருங்கள். ஞாயிறு கடை கிடையாது, மற்ற நாட்களில் சாயங்காலம் கூட்டம் குறைவு.