மலாக்காவில் பழைய கம்செங் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

மலாக்காவில் ஒரு பழம்பொருள் கடையில் 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கம்செங்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாபா நோன்யா (மலாய் வழக்கங்களோடு கலந்துபோன சீன வம்சாவளியினர்) வீடுகளில் இருந்த மூடி போட்ட பீங்கான் சாடிதான் கம்செங். மூடியின் உச்சியில் குட்டிச் சிங்கம் உட்கார்ந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தக் குடும்பங்களுக்கென்றே சீனாவின் ஜிங்டெஜென்னில் செய்து கப்பலேற்றிய சாமான். அசல் கிடைப்பது அரிது. போலிக்குப் பஞ்சமில்லை.

கடை முதலாளியான தவுக்கே விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை, சித்திரத்தைப் பற்றித்தான் பேசினார். ஃபீனிக்ஸ் மணப்பெண்ணுக்கு, பியோனிப் பூ செல்வத்துக்கு, ஓரத்தில் வரும் சங்கும் தாமரையும் இரட்டை மீனும் பௌத்த மங்கலச் சின்னங்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் கல்யாணத்துக்கு, நீல வெள்ளை துக்க காலத்துக்கு. அத்தனையும் உண்மை. சிக்கலே அங்கேதான். போன மாதம் சூளையிலிருந்து வந்த சாடியிலும் அதே ஃபீனிக்ஸ், அதே பியோனிதான் இருக்கும். அடியில் குவாங்சூ மன்னர் (1875–1908) முத்திரை வேறு. பழைய மன்னர்கள் பெயரைப் பிற்காலச் சாமானில் போடுவது சீனாவிலேயே நெடுநாள் வழக்கம். அதை வைத்து வயது சொல்ல முடியாது.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஃபீனிக்ஸின் கழுத்து முழுக்கப் பத்திரிகைப் படம் போலப் பொடிப் புள்ளிகள். கையால் தீட்டியதில் தூரிகைக் கோடு தெரியும், எனாமல் வண்ணம் விரலுக்கு லேசாக மேடு தட்டும். இது வழவழவென்று இருந்தது. இரண்டு பக்கத்துப் பறவைகளும் இறகுக்கு இறகு ஒன்றே. ஒரு வால் இறகு பாதியில் வெட்டுப்பட்டு, ஒரு மயிரிழை தள்ளித் தொடர்கிறது. அச்சடித்து ஒட்டிய படத்தின் விளிம்பு அது. அப்புறம் அடி வளையத்தின் ‘காலத்துக் கறை’. ஈர டிஷ்யூவால் துடைத்தேன், டிஷ்யூ பழுப்பாகிவிட்டது, வளையம் பளிச்சென்று வெள்ளை!

"ஊறுகாய்கூடப் போட்டு வைக்கலாம் மேடம்" என்றும் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். மெருகுக்கு மேல் தீட்டும் எனாமலில் ஈயம் இருக்கலாம். புளிப்பு பட்டால் அது இறங்கும். அசலானாலும் இதே கதைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்: ‘பீங்கான் சாடி, 1’. வயதும் இல்லை, காலமும் இல்லை. நீங்கள் வாங்கினால், எந்தக் காலத்தது, கையால் தீட்டியதா என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சாடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நல்லவேளை, ‘குவாங்சூ காலம், கை வேலை’ என்று அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்னிடம் இருக்கிறது. அதைப் படியெடுத்து, ரசீதோடு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.